பூட்டிய அறைக்குள் வந்தவர்

போன மாதம் ஒரு சகோதரியிடமிருந்து கடிதம் வந்தது. பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார். "அக்கா, ஜெபம் பண்ணினால் பயம் போய்விடும் என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். இப்போது எனக்கு ஒரு பெரிய பயம் வந்திருக்கிறது. தினமும் முழங்காலில் நிற்கிறேன். எழுந்திருக்கும்போது பயமும் என்கூடவே எழுந்து வருகிறது. அப்படியானால் எனக்கு விசுவாசம் இல்லை என்றுதானே அர்த்தம்?"

இதற்குப் பதிலாக நாலு வேத வசனங்களை எழுதி அனுப்பிவிடலாம். எனக்கு அது சிரமமே இல்லை. எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரில்கூட வசனம்தான். ஆனால் அந்த வசனங்களை எல்லாம் பார்த்துக்கொண்டே நான் நடுங்கிக் கிடந்த ஏழு வாரங்கள் உண்டு. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு உபதேசம் பண்ணுவது நியாயமில்லை. ஆகவே இந்தத் தடவை என் கதையையே சொல்கிறேன்.

2016-ஆம் வருஷம், பிப்ரவரி மாதம். லெந்து காலம் தொடங்கிய வாரம். மற்ற மதத்துச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன்: ஈஸ்டருக்கு முன்னால் வருகிற நாற்பது நாள் தபசு காலத்தைத்தான் லெந்து என்கிறோம். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் அந்த நாட்களில் கல்யாணம் வைக்க மாட்டோம். சிலர் கறி மீன் தொட மாட்டார்கள். சிலர் ஒரு வேளை உபவாசம் இருப்பார்கள்.

எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயசு. ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில், அக்குளை ஒட்டினாற்போல, கையில் ஏதோ தட்டுப்பட்டது. ஒரு புளியங்கொட்டை அளவு இருக்கும். அழுத்திப் பார்த்தேன். வலி இல்லை. 'வலியில்லையே, ஒன்றும் இருக்காது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சேலையைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அன்று சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்கு மே மாதக் கடைசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. இந்த நேரத்தில் பெண்ணின் அம்மாவுக்கு இப்படி என்று வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? அதோடு, அந்த இடத்தை ஒரு டாக்டரிடம் திறந்து காட்ட வேண்டுமே என்ற கூச்சம் வேறு. இரண்டு பிள்ளை பெற்றவள்தான். ஆனாலும் கூச்சம் கூச்சம்தானே?

இரவு மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். உள்ளங்கை சில்லிட்டுப் போகும். எழுந்து முழங்காலில் நிற்பேன். "ஆண்டவரே, விடியும்போது இது இல்லாமல் போகட்டும்." இது ஒன்றுதான் என் ஜெபம். விடிந்ததும் தொட்டுப் பார்ப்பேன். இருக்கும். ஒருநாள் கொஞ்சம் சின்னதாகிவிட்டதுபோலத் தோன்றும். ஸ்தோத்திரம் சொல்லுவேன். மறுநாள் பெரிசானதுபோல இருக்கும். அன்று முழுக்க வீட்டில் எல்லார்மேலும் எரிந்து விழுவேன். சாப்பாடு இறங்கவில்லை. ஜாக்கெட் தொளதொளவென்று ஆயிற்று. கேட்டவர்களிடம் "லெந்து உபவாசம்" என்று சொல்லிச் சமாளித்தேன். பயத்துக்குப் பக்திச் சட்டை போட்டு ஊருக்குள் நடமாட விட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஈஸ்டரும் வந்து போயிற்று. அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 3-ஆம் தேதி, கோயிலில் யோவான் சுவிசேஷம் இருபதாம் அதிகாரத்திலிருந்து பாடம் வாசித்தார்கள். இயேசு உயிர்த்தெழுந்த அன்று சாயங்காலம், சீஷர்கள் பயத்தினால் கதவுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். அப்போது அவர் வந்து நடுவிலே நின்றார் என்ற பாகம். பள்ளிக்கூடம் போகிற நாளிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் அன்றைக்கு 'பயத்தினால் பூட்டி' என்று காதில் விழுந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது.

அதற்கப்புறம் ஐயர் செய்த பிரசங்கத்தை நான் கேட்கவே இல்லை. வேதப்புத்தகத்தைத் திறந்து அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தால்தான் வருவேன் என்று அவர் சொல்லவில்லை. 'ஏன் ஓடிப்போனீர்கள், ஏன் ஒளிந்திருக்கிறீர்கள்' என்று கோபித்துக்கொள்ளவும் இல்லை. முதலில் சமாதானம் சொன்னார். அடுத்ததாக, தம்முடைய கையையும் விலாவையும் காட்டினார். அவை காயம்பட்ட இடங்கள். உயிர்த்து வந்தவருக்கே காயம் மறையவில்லை. அதை அவர் மூடி மறைக்கவும் இல்லை. நானோ ஒரு புளியங்கொட்டையை ஏழு வாரமாக மூடி வைத்திருந்தேன்.

ஆராதனை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் நின்றபோது ஐயரம்மா என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஐயரம்மா என்றால் எங்கள் போதகரின் மனைவி. வேலூரில் நர்ஸ் படிப்புப் படித்துப் பல வருஷம் வேலை பார்த்தவர்கள்.

"என்னம்மா, லெந்து முடிஞ்சு ஒரு வாரமாச்சே, இன்னும் உபவாசமா?" என்றார்கள்.

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. என்னைக் கையைப் பிடித்துப் பின்பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சொன்னேன்.

"எத்தனை நாளாச்சு?"

"ஏழு வாரம்."

"யார்ட்ட சொன்னீங்க?"

"ஆண்டவர்ட்ட மட்டுந்தான்."

ஐயரம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்: "அவர்ட்ட சொன்னது ரொம்பச் சரி. ஆனா அவர் பதில் சொல்ல விடாம நீங்களே பேசிக்கிட்டு இருந்துட்டீங்களோ என்னமோ. இப்ப ஜெபம் பண்ணுவோம். நாளைக்கு ஒம்பது மணிக்கு டாக்டர்ட்ட போவோம். நான் கூட வாரேன். எனக்கு ரெண்டும் ஒரே ஜெபந்தான்."

அன்று ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர்கள் ஒன்றும் பேசாமல் எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டார்கள். எனக்குத் திக்கென்றது. கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏழு வாரமா இதத் தனியாவா சுமந்தே?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான். அந்த ராத்திரி மூன்று மணிக்கு எனக்கு முழிப்பு வரவில்லை.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது ஐயரம்மா எனக்கு ஒரு கதை சொன்னார்கள். 1890-ஆம் வருஷத்தை ஒட்டித் திண்டிவனத்தில் நடந்தது. அங்கே ஒரு அமெரிக்க மிஷனெரி டாக்டர் இருந்தார். அவருடைய மகள் ஐடா ஸ்கடர். ராணிப்பேட்டையில் பிறந்த பெண். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாள். மிஷனெரியாக இந்த நாட்டில் இருக்க அவளுக்கு இஷ்டமே இல்லை. ஒரே இரவில் ஒருவர்பின் ஒருவராக மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேருடைய மனைவிகளும் பிரசவ வேதனையில் தவித்துக்கொண்டிருந்தார்கள். "நான் டாக்டர் இல்லை, என் அப்பாதான் டாக்டர், அவர் வருவார்" என்றாள் ஐடா. ஆண் டாக்டர் வந்து பெண்ணைப் பார்ப்பதா, அது முடியாது என்று மூன்று பேரும் திரும்பிப் போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவுதான் ஐடாவை மாற்றியது. அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய் மருத்துவம் படித்து, 1899-இல் பட்டம் வாங்கி, 1900-இல் திரும்பி வந்தார். 1902-இல் வேலூரில் பெண்களுக்கு ஆஸ்பத்திரி எழும்பிற்று. 1918-இல் பெண்களை டாக்டராக்கும் பள்ளியும் தொடங்கியது.

"அந்த மூணு பேருக்கும் வெளியே வரவே வழியில்லாமப் போச்சு. உங்களுக்கு பஸ் இருக்கு, பெண் டாக்டர் இருக்காங்க, நானும் பக்கத்துல இருக்கேன்" என்று முடித்தார்கள் ஐயரம்மா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பெண்களுடைய கதவை மற்றவர்கள் பூட்டினார்கள். என் கதவை நானேதான் பூட்டியிருந்தேன்.

டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்தார்கள். மேமோகிராம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். மரத்துப்போக மருந்து போட்டு, ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். "ஊசி பட்டால் பரவிவிடும் என்கிறார்களே?" என்று கேட்டேன். அது வீண் பயம் என்றும், ஊசிப் பரிசோதனை செய்யாமல் சரியான வைத்தியத்தைத் தீர்மானிக்க முடியாது என்றும் விளக்கினார்கள். முடிவு தெரியப் பத்து நாள் ஆயிற்று.

அந்தப் பத்து நாள்தான் எனக்குப் பள்ளிக்கூடம். ஒருநாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். என் மாமியார், எண்பது வயசு, அடுக்களையிலிருந்து ஒரு கிண்ணம் கஞ்சியும் சுட்ட கருவாட்டுத் துண்டும் கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள்.

"ஏட்டி, இதக் குடிச்சிட்டுக் கொஞ்சம் படு. அழணும்னா எந்திரிச்சு அழு."

எனக்கு எலியா தீர்க்கதரிசியின் ஞாபகம் வந்தது. ராஜாத்தி யேசபேல் கொன்றுபோடுவேன் என்று சொல்லி அனுப்பியதும் உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடியவர் அவர். ஒரு சூரைச்செடியின் கீழே விழுந்து, செத்தால் போதும் என்று ஆண்டவரிடமே கேட்டார். அத்தனை பெரிய தீர்க்கதரிசிக்கே அந்தப் பயம். அவருக்கு ஆண்டவர் முதலில் அனுப்பியது பிரசங்கம் அல்ல. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான். சாப்பிட்டார், மறுபடி தூங்கினார். தேவதூதன் இரண்டாம் தடவையும் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் ஆண்டவர் பேசியதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அங்கேயும் பெருங்காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் நெருப்பிலும் அவர் இல்லை. எல்லாம் அடங்கினபிறகு ஒரு மெல்லிய குரலாக வந்தார்.

பயப்படுகிற உடம்புக்குச் சாப்பாடும் தூக்கமும் வேண்டும். பயம் வந்ததும் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இருதயம் வேகமாக அடிக்கிறது, கை சில்லிடுகிறது, வயிறு சுருங்குகிறது. ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகிற விதம் அது. அதற்குப் பெயர் அவிசுவாசம் இல்லை. இதை ஐயரம்மா சொல்லிக்கொடுத்தபோது எனக்குப் பாதி பாரம் இறங்கியது. மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொன்னார்கள். இழுக்கும்போது 'இயேசுவே', விடும்போது 'இரங்கும்'. கிழக்கத்திச் சபைகளின் துறவிகள் நூற்றாண்டுகளாக இயேசுவின் பெயரை மூச்சோடு சேர்த்து இப்படி ஜெபிக்கிறார்கள் என்றார்கள். பத்து நிமிஷம் செய்தால் படபடப்பு குறைந்தது. நீளமான ஜெபம் வராத நேரத்தில் அந்த இரண்டு வார்த்தைதான் எனக்கு ஜெபம்.

பத்தாம் நாள் முடிவு வந்தது. கான்சர்தான். இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை, பரவினதற்கு அடையாளமும் இல்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார்கள் டாக்டரம்மா. ஏழு வாரத்தை எண்ணி நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் என் வீட்டுக்காரர் நேரில் போய்ச் சொன்னார்கள். சம்பந்தியம்மா போனில் பேசினார்கள். "கல்யாணத் தேதி உங்க சவுகரியம். முதல்ல உடம்பைப் பாருங்க மதினி" என்றார்கள். நான் வாரக்கணக்கில் பயந்துகொண்டிருந்த பேச்சு இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. எல்லாருக்கும் இப்படி நல்லபடியாக முடியும் என்று சொல்லமாட்டேன். ஆனால் நாம் மூன்று மணிக்குக் கற்பனை பண்ணுகிற மனிதர்களைவிட நிஜ மனிதர்கள் பல சமயம் நல்லவர்களாக இருக்கிறார்கள்.

ஏப்ரல் கடைசியில் ஆபரேஷன். முந்தின ராத்திரி பயம் திரும்பவும் வந்தது. வரட்டும் என்று விட்டேன். கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே வியாகுலப்பட்டிருக்கிறார். இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறார். கூட விழித்திருங்கள் என்று சிநேகிதர்களைக் கெஞ்சியிருக்கிறார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். பயப்படுவதே பாவம் என்றால் அந்தத் தோட்டத்தை என்ன சொல்வது? 'ஆண்டவரே, உமக்குத் தெரியும்' என்று மட்டும் சொன்னேன்.

காலையில் டிராலியில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். தியேட்டர் வாசலில் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே குளிர். வீட்டு மனுஷர் யாரும் அங்கே வரக்கூடாது. ஒரு ஆயாம்மா, நெற்றியில் பட்டையாகத் திருநீறு, என் பக்கத்தில் வந்து போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, தலைமேல் கையை வைத்துக்கொண்டார்.

"பயப்படாதம்மா. கூப்பிடுத வரைக்கும் நான் இங்கனதான் நிப்பேன்."

நின்றார். அந்தக் கை நல்ல சூடாக இருந்தது. பூட்டிய அறைக்குள் யாரோ வந்து நடுவில் நிற்கிறதுபோல எனக்கு இருந்தது. இதைப்பற்றி நான் யாரிடமும் வாதாடப் போவதில்லை. அந்த நேரத்தில் வந்தது யார் என்று எனக்குத் தெரியும். பயம் அப்போதும் இருந்தது. நான் தனியாக இல்லை. எனக்குக் கிடைத்த சமாதானம் அதுதான்.

மகள் கல்யாணம் குறித்த தேதியிலேயே நடந்தது. இடது கையைச் சரியாகத் தூக்க முடியாமல் ஒரு கையால்தான் ஆசீர்வாதம் பண்ணினேன். அடுத்த வாரம் ஊசி மருந்து தொடங்கிற்று. முடி கொட்டியது. பிறகு கதிர் சிகிச்சை, பிறகு ஐந்து வருஷம் தினம் ஒரு மாத்திரை. இப்போதும் வருஷா வருஷம் பரிசோதனைக்குப் போகிறேன். முந்தின ராத்திரி பயம் தவறாமல் வந்துவிடும். இப்போது நான் அதை மறைப்பதில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லுவேன், வயிறாரச் சாப்பிடுவேன், இரண்டு வார்த்தை ஜெபம் பண்ணுவேன், காலையில் பஸ் ஏறிவிடுவேன்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு இனிச் சொல்லுகிறேன். உங்கள் பயம் எதைப் பற்றியது என்று நீங்கள் எழுதவில்லை. உடம்பைப் பற்றியதானால், மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழி விழுதல், காம்பு உள்ளே இழுத்துக்கொள்ளுதல், காம்பிலிருந்து ரத்தம் கசிதல் என்று எதைக் கண்டாலும் இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலான கட்டிகள் கான்சர் இல்லை. ஆனால் வலியில்லை என்பதை மட்டும் ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கான்சர் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. காரணமே தெரியாமல் வாரக்கணக்கில் படபடப்பும் தூக்கமின்மையும் இருந்தால் அதற்கும் வைத்தியம் உண்டு, மனநல டாக்டரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டில் கை ஓங்குகிறவரைப் பற்றிய பயமானால், சகித்துக்கொள்ள ஜெபியுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் கூப்பிடுங்கள். எதுவானாலும் நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே வாய்திறந்து சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. யோவான் இருபதாம் அதிகாரத்தில் நான் அன்றைக்குக் கோயிலில் கவனித்த கடைசி விஷயம் இது. எட்டு நாள் கழித்துச் சீஷர்கள் மறுபடி கூடியிருந்தார்கள். கண்ணாலே ஆண்டவரைப் பார்த்துவிட்டவர்கள்தான். ஆனாலும் கதவு அன்றைக்கும் பூட்டித்தான் இருந்தது. உங்களுக்கு விசுவாசம் இல்லையா என்று அவர் கேட்டுக்கொண்டு வெளியே நிற்கவில்லை. அன்றைக்கும் உள்ளே வந்தார், முதல் தடவை சொன்ன அதே சமாதானத்தைத்தான் சொன்னார்.

முழங்காலிலிருந்து எழும்போது பயம் உங்கள்கூட எழுந்து வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். வரட்டும். அவரும்தான் கூட எழுந்து வருகிறார். யாரிடம் சொன்னீர்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். காத்திருப்பேன்.